அந்த வெள்ளைத் திட்டைப் பார்க்க வேண்டாம்

1

அன்று மதியம் டோர்ஃபி எனக்கு ஓர் உருளைக்கிழங்கை உரித்துத் தட்டில் வைத்தான். நான் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக, மீன் அவிக்கிற நாளெல்லாம் அப்படித்தான். சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றி உரிப்பான். முதல் கிழங்கு எனக்கு, இரண்டாவது அவனுக்கு. பிறகு வெண்ணெய் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வீடு திரும்பாத மூன்று ஆடுகளைத் தேடி மலைக்குப் போனான். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவனைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. இதில் வரும் பெண்ணுக்கு ஸ்டெய்னுன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் நான்தான். ‘நான்’ என்று எழுதிய வரைவுகள் கடைக்குள் நுழையும்வரை ஒழுங்காக வருகின்றன, மேசைக்குப் பக்கத்தில் போனதும் நின்றுவிடுகின்றன. ‘அவள்’ என்று எழுதினால் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ள முடிகிறது. டோர்ஃபியின் பெயரையும் மாற்றிப் பார்த்தேன். வேறு பெயரில் அவன் கிழங்கு உரிக்க மாட்டேன் என்கிறான்.

இந்தக் கதைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கடை மேசையில் இரண்டு வெப்பநோக்கிகள் இருந்தன. ஸ்டெய்னுன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மற்றதை எடுத்திருந்தால் அவன் தெரிந்திருப்பானா?

2

முதல் தொடக்கம்: ‘ஐஸ்லாந்தின் வடக்கே, கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பரில் இறக்கிப் பட்டியில் பிரித்த பிறகும், ஒவ்வொரு பண்ணைக்கும் இரண்டு மூன்று ஆடுகள்…’

(விட்டுவிட்டேன். சுற்றுலாக்காரருக்குச் சொல்வது போல இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘வெப்பநோக்கி ஒரு கைக்குள் அடங்கும். ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் அதற்குத் தேவையில்லை, பொருள்களின் சூட்டை மட்டும் வைத்துப் படம் காட்டும். சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு…’

(இது பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் படித்தது. ஆனால் இருக்கட்டும், தெரியாதவர்களுக்கு உதவும்.)

மூன்றாம் தொடக்கத்தில் நேராகக் கடைக்குப் போய்விட்டேன்.

3

அக்குரேரி நகரத்தில் வேட்டைச் சாமான் விற்கிற கடை. செப்டம்பர் கடைசி. விற்கிற பெண்ணின் பெயர் எட்டா. அவளும் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள், அதனால் அளந்துதான் பேசினாள்.

“எவ்ளோ தூரம் பாக்கணும் உங்களுக்கு?”

“எதிர் மலை. முற்றத்துலேர்ந்து உச்சி வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் வரும்,” என்றான் டோர்ஃபி.

“ஆடா, நரியா?”

“ஆடுதான். நரி என்னைத் தேடி அதுவே வந்துடுது.”

எட்டா இரண்டு கருவிகளை எடுத்து மேசையில் வைத்தாள். “இது தூரக்கண். ரெண்டு கிலோமீட்டர்ல சூடா ஒண்ணு இருந்தா புள்ளியாக் காட்டும். ஆடா நாயா அமைச்சரான்னு சொல்லாது. இன்னொண்ணு அவ்ளோ தூரம் போகாது. ஒரு கிலோமீட்டர், கொஞ்சம் கூட. ஆனா நுணுக்கம். சூட்டுக்கும் சூட்டுக்கும் நடுவுல இத்தினூண்டு வித்தியாசம் இருந்தாலும் பிரிச்சுக் காட்டும். பெட்டியில போட்டிருக்கிற தூரத்தை நம்பாதீங்க. தெரியறது வேற, என்னன்னு தெரியறது வேற.”

பிறகு அவள் சுவரில் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணிவிட்டு எடுத்தாள். தூரக்கண்ணில் அந்தக் கையின் சூட்டுத் தடம் மங்கி உடனே மறைந்தது. நுணுக்கக்கண்ணில் ஐந்து விரலும் ரேகை விழுந்த மாதிரி வெகுநேரம் இருந்தன. டோர்ஃபிக்குத் தாங்கவில்லை. தன் கையை வைத்துப் பார்த்தான். பிறகு நெற்றியை வைத்தான். ஐம்பத்தெட்டு வயது ஆள், கடைச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான்.

“பாரு ஸ்டெய்னுன், நான் போனப்புறமும் நான் இருக்கேன்.”

[இதை அவன் சொல்லவில்லை. மூன்றாம் வரைவில் நான் சேர்த்தது. அவன் உண்மையில் சொன்னது: “இதத் தொடைக்கத் துணி இருக்கா? மூக்கு பட்டுடுச்சு.”]

ஸ்டெய்னுன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாட்டுப் பால் எடுக்கிற வண்டி வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். “நாம செவுத்தையா மேய்க்கிறோம்? ஆடு தூரத்துல இருக்கு. தூரம் பாக்கறதை வாங்கு.”

“நீ சொன்னா சரி.”*

* இதை அவன் எல்லாவற்றுக்கும் சொல்வான். திருமணத்துக்கு, டிராக்டருக்கு, குழந்தை பிறக்காது என்று தெரிந்தபோது வேறு மருத்துவரைப் பார்க்க வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு. அவனுக்கென்று ஒரு விருப்பம் இருந்ததை அவள் பார்த்த தருணங்கள் குறைவு. சுவரில் மூக்கை வைத்தது அதில் ஒன்று.

4

வாங்கி வந்த மாலையே சமையலறை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். கண்ணாடி வழியாக இந்தக் கருவிக்குப் பார்வை கிடையாது, எதிரே நிற்கிறவரையே திருப்பிக் காட்டும். “ஒரு கிழட்டுக் கிடா கிடைச்சிடுச்சு,” என்றான். “வீட்டுக்குள்ளயே நிக்குது.”

முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால் ஆடுகள் முகமும் கால்களுமாகத் தெரிந்தன. கம்பளி சூட்டை வெளியே விடாது. உடம்பில்லாத வெள்ளை முகங்கள் சரிவில் மிதந்து மேய்ந்தன. அது அவனுக்கு அலுக்கவே இல்லை.

நான்காம் நாள் சரிவின் நடுவே, ஓடைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. முற்றத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர். “மூணும் ஒண்ணா ஒட்டிப் படுத்திருக்குங்க,” என்று ஒன்றரை மணிநேரம் ஏறினான். அங்கே ஆடு இல்லை. வெதுமண் இருந்தது. பூமிக்குள்ளிருந்து சூடு கசிந்து எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் சேற்று நிலம், ஒரு சமையலறைத் தரை அளவு. பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த இடம். கருவியில் பார்த்ததும் தெரியாமல் போய்விட்டது.

பக்கத்துப் பண்ணைக்காரன் பால்மி கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூட வண்டியில் போனவர்கள்.

“என்னடா டோர்ஃபி, சேத்துக்குக் காது வெட்டி அடையாளம் போட்டியா?”

“போடா.”

“வசந்தத்துல குட்டி போடுமா? ரெட்டைக் குட்டி போட்டா ஒண்ணு எனக்குக் குடு.”

ஒரு வாரம் இது ஓடியது. கூட்டுறவுக் கடையில் பால்மி சேற்றின் கம்பளி என்ன விலை போகும் என்று கேட்டான். அதற்குப் பிறகு டோர்ஃபி வீட்டுக்கு ஒரு விதி போட்டான்: அந்த வெள்ளைத் திட்டைப் பார்க்க வேண்டாம். கண் அதன்மேல் போனால் தாண்டி அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். ஸ்டெய்னுன் அதை நன்றாகப் பழகிக்கொண்டாள்.

5

வியாழக்கிழமை. (கிழங்கு. வெண்ணெய். அதெல்லாம் சொல்லிவிட்டேன்.)

நாய் குட்டி போட்டிருந்ததால் தனியாகப் போனான். கருவியை எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் முற்றத்தில் தூரக்கண்ணோடு நிற்பார், மற்றவர் மேலே நடப்பார், தொலைபேசியில் வழி சொல்வார்கள். இதுதான் அவர்கள் கண்டுபிடித்த முறை.

“இன்னும் மேல. ஓடைக்கு அந்தாண்ட, வடக்கால. மூணு மூஞ்சி தெரியுது.”

“என் மூஞ்சி தெரியுதா?”

“தொப்பி தெரியல, மூக்கு தெரியுது.”

“மூக்கு போதும், ஊர்ல அடையாளம் சொல்ல.”

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. மூடுபனிக்குள் கருவி குருடு, திரை முழுக்கச் சாம்பல். “ஒண்ணும் தெரியலயா? சரி, நீ உள்ள போ. நனையாத,” என்றான். அதுதான் கடைசி. நாலு மணிக்கு அழைத்தபோது எடுக்கவில்லை. ஓடைப் பள்ளத்தில் விழுந்து தொடை முறிந்ததும் தொலைபேசி தண்ணீரில் போனதும் பிறகு தெரிந்தவை.

ஆறு மணிக்கு மீட்புக் குழு வந்தது. பனி பாதி விலகித் தூறல் பிடித்திருந்தது. தூறலில் பாறை, புல், மண் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். முற்றத்து விளக்கின் கீழ் நின்று ஸ்டெய்னுன் சரிவு முழுக்கத் தடவினாள். எல்லாம் ஒரே சாம்பல். வெள்ளையாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

குழுவை நடத்தியவர் பள்ளி ஆசிரியர், நிதானமானவர். கருவியை வாங்கிப் பார்த்தார். “அது என்ன?”

“அது ஒண்ணும் இல்ல. வெதுமண்.”

“நிச்சயமா?”

“ஏற்கனவே ஒரு தடவை அதுகிட்ட ஏமாந்திருக்கோம்.”

பக்கத்தில் நின்ற பால்மி மூக்கால் சிரித்தான்.

அவர் கருவியைத் திருப்பிக் கொடுத்தார். குழு சரிவுக்குக் கீழே ஓடும் ஆற்றைத் தாண்டி வடக்குப் பக்கம் போனது, ஆடுகள் கடைசியாகத் தெரிந்த திசையில்.

அவன் அங்கேதான் இருந்தான். முறிந்த காலோடு இருநூறு மீட்டர் தவழ்ந்து வெதுமண்ணுக்கு வந்து, அதில் படுத்திருந்தான். இங்கே குழந்தைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுப்பது அது: மலையில் மாட்டிக்கொண்டால் சூடு கசிகிற இடத்துக்குப் போய்ப் படு, வந்து எடுத்துக்கொள்வோம். ஸ்டெய்னுனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முந்நூறு வருடமாக எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று, இரண்டு வாரமாக அவள் பழகியது ஒன்று. கேட்டபோது அவள் வாயில் வந்தது இரண்டு வாரத்தினுடையது.

மண்ணின் சூடு அவனை விடிகாலை நாலு மணிவரை வைத்திருந்தது என்றார் மருத்துவர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறு மணியிலிருந்து நாலு மணிவரை எத்தனை மணிநேரம் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

[அன்று அந்தத் திட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததா? முதல் வரைவில் ‘எப்போதும் போலவே இருந்தது’ என்று எழுதினேன். இரண்டாவதில் ‘ஓரம் ஒரு பக்கம் நீண்டிருந்தது.’ நான்காவதில் அது அசைந்தது. எழுத எழுத அது வளர்கிறது. இப்போது எது நான் பார்த்தது, எது நான் எழுதியது என்று எனக்கே…]

6

பால்மியைப் பற்றி ஒரு சந்தேகம். அவன் சிரிப்பு கதைக்குத் தேவையா? அந்த ஆசிரியர் தயங்கியதே போதும் என்று நினைத்து, ஐந்தாம் வரைவில் எடுத்துவிட்டேன். ஆகஸ்டில் அவன் காப்பி குடிக்க வந்தபோது தாள்கள் மேசையில் கிடந்தன. சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு முழுவதும் படித்தான்.

“நான் சிரிச்சேனே. அதக் காணோம்.”

“எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“கதை அது இல்லாமலே நிக்குது.”

“எனக்கு நிக்கல. திரும்பப் போடு.” காப்பியைக் குடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தான். “அவன் மறுபடி அங்க போயிருப்பான்னு எனக்கு ஏன் தோணல தெரியுமா? அவனே அந்த இடத்துக்கு இனிமே வெக்கப்பட்டுப் போக மாட்டான்னு நெனச்சேன். நான் பண்ண கிண்டல்ல. கால் ஒடிஞ்சவன் வெக்கம் பாப்பானா?”

விடிந்ததும் எந்தக் கருவியும் இல்லாமல் நேராக ஏறிப் போய் அவனைக் கண்டுபிடித்தவன் பால்மிதான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதுவும் அவன் போடச் சொன்னதுதான்.

7

போன மாதம், அக்டோபரில், பால்மி மறுபடி வந்தான். கையில் ஒரு பெட்டி. நுணுக்கக்கண்.

“எட்டா குடுத்தா. ரெண்டு நாளைக்கு. எதுக்குன்னு கேக்கல.”

“எதுக்கு?”

“தூறல் போடுது. அன்னிக்கு மாதிரியே. நான் போய் அங்க படுக்கறேன். ஆறு மணிக்கு நீ ரெண்டுலயும் பாரு. உனக்கும் தெரிஞ்சுடும், எனக்கும் தெரிஞ்சுடும்.”

“உனக்கு அறுபதாகப் போகுது. நிமோனியா வந்து சாவ.”

“வெதுவெதுன்னுதான இருக்கும்.”

ஸ்டெய்னுன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் ஏறிக்கொண்டிருந்த ஒன்றரை மணிநேரமும் அவள் சமையலறையில் உட்கார்ந்து, இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதினாள்.

முடிவு அ. தூரக்கண்ணில் வெறும் திட்டு, நுணுக்கக்கண்ணில் மனிதன். தலை, தோள், நீட்டிய கால். அப்படியென்றால் கடையில், பால் வண்டிக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்த நொடியில் அவனைக் கொன்றாள்.

முடிவு ஆ. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. எதை வாங்கியிருந்தாலும் ஒன்றுதான். வாசகர்கள் இதை விரும்புவார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கருவியை நகர்த்தி வைத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பது தெரிந்துவிடுகிறது: ‘அது ஒண்ணும் இல்ல’ என்று சொன்ன வாய். ஒரு வருடமாகக் கண்ணாடி வில்லையையும் தூரத்தையும் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்தது அதைப் பார்க்காமலிருக்கத்தான்.

முடிவு இ. இது பென்சில் கையில் இருந்தபோதுதான் தோன்றியது. தூரக்கண்ணிலேயே அவன் தெரிகிறான். அவள் வாங்கிய கருவியிலேயே. பார்த்தால் தெரிகிற மாதிரித்தான் அன்றும் இருந்தான்.

நான்காவது முடிவு என்று ஒன்றை ஆரம்பித்து, ‘மன்னிப்பு’ என்று எழுதி, மேலே…

ஆறு மணிக்கு முற்றத்து விளக்கைப் போட்டாள். இரண்டு கருவிகளையும் பழைய எண்ணெய்ப் பீப்பாயின் மேல் வைத்தாள். தூறல். தொலைபேசி அடித்தது.

“படுத்துட்டேன்,” என்றான் பால்மி. “பாரு.”

“எப்படி இருக்கு?”

“மேல குளுருது. முதுகுப் பக்கம் நல்லா இருக்கு. நெஜமாவே நல்லா இருக்கு ஸ்டெய்னுன், அவன் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். கொஞ்சம் நாறுது, அவ்ளோதான்.”

“சரி.”

“சரின்னா? பாத்தியா?”

“இரு.”

தொலைபேசியில் அவன் மூச்சும் தூறலும் கேட்டன. பிறகு அவன் சாதாரணமாக, பேச்சுக்குப் பேச்சாகச் சொன்னான்:

“இங்கேர்ந்து உன்ன நல்லாத் தெரியுது. விளக்குக்குக் கீழ நிக்கற. ஒரு கை தொங்கப் போட்டுட்டு நிக்கற.”

ஸ்டெய்னுன் தலைக்கு மேலிருந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

தான் சொன்னது என்ன என்பது அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது. “நான்… ஐயோ, நான் அத சொல்ல வரல,” என்றான்.

8

இதற்குப் பிறகு எனக்குக் கருவிகளைப் பற்றிய ஆர்வம் போய்விட்டது.

எட்டா சொன்னதையும், பெட்டியில் போட்டிருந்ததையும், இணையத்தில் படித்ததையும் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டு பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். அவை இந்தக் கதைக்குள் வருவதாக இருந்தது. வேண்டாம். எந்தக் கருவியால் அவனைப் பார்த்திருக்க முடியும் என்பது ஒரு வருடம் என்னைச் சாப்பிட்டது. அவன் எங்களைப் பார்த்திருப்பான் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு எந்தக் கண்ணும் தேவைப்படவில்லை. பனி பாதி விலகியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் ஆட்கள் வந்தது தெரிந்திருக்கும். மனைவி கருவியைக் கண்ணில் வைத்து அவன் பக்கமாகத் திருப்பியது தெரிந்திருக்கும். வந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். பிறகு அவள் அதை இன்னொருவரிடம் கொடுத்தாள், அவரும் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். விளக்குகள் எல்லாம் வரிசையாக ஆற்றுப் பக்கம் போயின.

அவன் கத்தியிருப்பானா? அந்தத் தூரத்துக்கு, அந்தத் தூறலில், கேட்டிருக்காது. இதை நான் கதைக்குள் தீர்மானிக்கலாம், எழுதுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. ‘அவன் கத்தவில்லை, அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினான்’ என்று ஒரு வரி. எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

‘நீ சொன்னா சரி’ என்று அவன் அங்கே…

இல்லை.

அன்று மாலை ஸ்டெய்னுன் கருவியை எடுத்துப் பார்த்தாளா, எதை முதலில் எடுத்தாள், என்ன தெரிந்தது என்பதை மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டாயிற்று. எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பால்மிக்குத் தெரியும், அவன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. உங்கள் மீது கோபமில்லை. ‘இன்னது தெரிந்தது’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் நீங்கள் அதைப் படித்துவிட்டு, இவள் குற்றவாளி என்றோ பாவம் என்றோ முடிவு செய்து, தாளை மூடிவிடுவீர்கள். அவ்வளவு சீக்கிரம் நீங்கள் போவதை நான் விரும்பவில்லை.

ஆகவே இப்படி விடுகிறேன். பீப்பாயின் மேல் இரண்டு கருவிகள். தூறலில் நனைகின்றன. விளக்கு எரிகிறது. மேலே ஒருவன் படுத்திருக்கிறான், அவனுக்கு உங்களைத் தெரிகிறது. நீங்கள் கையை எப்படி அசைக்கிறீர்கள் என்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் என்றில்லை, ஒன்றையும் எடுக்காமல் மலையைப் பார்த்துக் கையை உயர்த்தலாம். அதற்கும் காலம் கடந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டு உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

பால்மி ஏழரைக்கு இறங்கி வந்தான். முதுகெல்லாம் சேறு. வாசலில் நின்றே காலணியைக் கழற்றினான். நான் அவனுக்குச் சூப்பு சூடு பண்ணிக் கொடுத்தேன். பெட்டியை மறுநாள் எட்டாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை முதல் பனி விழுந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது எதிர்ச் சரிவு முழுக்க வெளுத்திருந்தது. ஓடைக்குப் பக்கத்தில், ஒரு சமையலறைத் தரை அளவுக்கு, பனி ஒட்டவில்லை.